நம்பர் போடாத சத்தமும் ஒரு தம்பியின் தூக்கமும்

முகூர்த்த மாசம் வந்துவிட்டால் எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் எடிட்டிங் தெரிந்த பையன்களுக்கு மவுசு கூடிவிடும். "ராத்திரி வேலை பார்க்கத் தயாரா இருக்கணும் தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். ராத்திரி முழுக்க அந்தத் தம்பி என்ன செய்கிறான்? கலர் போடுகிறானா? டைட்டில் டிசைன் பண்ணுகிறானா? அதெல்லாம் அப்புறம். நாலு கேமராவில் எடுத்த படத்தையும், தனியாக ஒரு ரெக்கார்டரில் எடுத்த சத்தத்தையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஐயர் வாய் திறக்கிற இடம், கெட்டிமேளம் ஆரம்பிக்கிற இடம், தாலி கட்டுகிற இடம்... கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, இடது பக்கம் இரண்டு தள்ளு, வலது பக்கம் ஒன்று தள்ளு. விடிந்துவிடும்.

இந்த வேலையில் முக்கால்வாசி தேவையே இல்லாதது. இதைத் தவிர்க்கும் வழி கண்டுபிடித்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பெயர் டைம்கோடு. "அதெல்லாம் சினிமாக்காரங்களுக்குடா" என்று சொல்லித் தள்ளிவிடும் அண்ணன்களோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். மக்களே, இது சவுண்ட் எஞ்சினியரிங் விவகாரம் என்று நினைத்தால் தப்பு. இது சுத்தமான கணக்கு விவகாரம்.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்ப்போம். கேமராவுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ரெக்கார்டருக்குள் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று கண்டதில்லை. ஒரு காலத்தில் நம் நாடே இப்படித்தான் இருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், மதராஸுக்கு ஒரு நேரம், இரண்டுக்கும் ஏறத்தாழ அரை மணி நேர வித்தியாசம். ஒரே தண்டவாளத்தில் இரண்டு நேரத்தை வைத்துக்கொண்டு ரயில் விட முடியுமா? அதனால்தான் ரயில்வே கம்பெனிகள் மதராஸ் நேரத்தைப் பொது நேரமாக வைத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது. இன்றைக்கு அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் திருத்தணி ஸ்டேஷனில் நின்று வண்டி எப்போது வரும் என்று தைரியமாகச் சொல்கிறோம் என்றால் (வருகிறதா என்பது வேறு விஷயம் :-)) எல்லா ஸ்டேஷன் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுவதால்தான்.

டைம்கோடு கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் அந்தப் பொது நேரத்தைக் கொடுக்கிறது. மணி, நிமிடம், நொடி, அதற்குப் பிறகு ஃபிரேம். நம் ஊர் வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம். அதாவது ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிசெகண்ட். 10:42:17:08 என்றால் பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம் பதினேழு நொடி, எட்டு என்று எண்ணிட்ட ஃபிரேம். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் வீடியோ டேப்பை எடிட் செய்யத் தவித்தவர்களுக்காகப் பிறந்தது இது. பிறகு எஸ்.எம்.பி.டி.இ. என்ற தொழில்நுட்பச் சங்கம் இதற்குத் தரவிதி எழுதியது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 80 பிட். இதில் வேடிக்கை என்னவென்றால், எல்.டி.சி. எனப்படும் வகை டைம்கோடு ஒரு சத்தம்தான். ஸ்பீக்கரில் விட்டால் "கிர்ர்ர்" என்று காது கிழியும். சத்தம் என்பதால் எந்த ஆடியோ டிராக்கிலும் பதிவு செய்யலாம்.

ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? டேப் காலத்தில் பெரிய மெஷின் என்றால் 24 டிராக். பாட்டுக்கு 24 போதவில்லை என்றால் இரண்டு மெஷினைச் சேர்த்து ஓட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு டிராக்கை டைம்கோடுக்கு ஒதுக்கிவிடுவார்கள். சிங்க்ரனைசர் என்ற பெட்டி இரண்டு டேப்பின் எண்ணையும் படித்து, பின்தங்குகிற மெஷினை வேகப்படுத்தி, முந்துகிற மெஷினை இழுத்துப் பிடிக்கும். 48 டிராக்கில் 2 போய் 46 கையில் நிற்கும். இரண்டு டிராக் செலவு, 22 டிராக் வரவு! மிக்சிங் கன்சோலும் அப்படியே. எந்த இடத்தில் வயலினை ஏற்றினோம், எந்த இடத்தில் மிருதங்கத்தை இறக்கினோம் என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது. எண் இல்லை என்றால் ஆட்டோமேஷனே இல்லை.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். வவுச்சருக்கு நம்பர் எதற்குப் போடுகிறோம்? பணம் போன இடத்தையும் பில் வந்த இடத்தையும் ஆறு மாசம் கழித்து இன்னொருத்தர் வந்து பார்த்தாலும் ஒன்று சேர்க்க முடிய வேண்டும். நம்பர் போடாமல் ஒரு வருஷம் கடை நடத்திவிட்டு, மார்ச் கடைசியில் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு "தொகையைப் பார்த்து நீயே பொருத்திக்கோ" என்றால் என்ன ஆகும்? 500 ரூபாய் பில் நாற்பது இருக்கும். எது எதற்கு? அந்தக் கணக்குப் பிள்ளையின் நிலைமைதான் நம் எடிட்டிங் தம்பியின் நிலைமை. அவர்கள் மிச்சப்படுத்தியது நம்பர் போடுகிற ஒரு நிமிஷத்தை. இவன் இழந்தது ஒரு வாரத் தூக்கத்தை.

இது இன்றைக்குப் புதிதாக வந்த அநியாயம் இல்லை. பேசும் படத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1926இல் வந்த வைட்டாஃபோன் முறையில் படம் ஃபிலிமில் இருக்கும், சத்தம் தனியாக ஒரு பெரிய இசைத்தட்டில் இருக்கும். 1927இல் வந்த "தி ஜாஸ் சிங்கர்" அப்படி ஓடிய படம்தான். ஃபிலிமில் ஆரம்பக் குறியையும் தட்டில் ஊசி வைக்கிற குறியையும் சரியாக வைத்து ஓட்ட வேண்டும். ஆரம்பத்துக்கு மட்டும்தான் குறி. நடுவில் எதுவும் கிடையாது. ஓடும்போது ஃபிலிம் அறுந்துவிட்டால், அறுந்து போன ஃபிரேம் எத்தனையோ அத்தனை கறுப்பு ஃபிரேமை ஆபரேட்டர் எண்ணி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பிறகு கதாநாயகன் வாயசைக்க, வில்லன் குரல் வரும். படம் எடுத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். சுமை முழுக்க புரொஜெக்டர் அறையில் வேர்த்துக்கொண்டிருந்தவர் தலையில்.

அறுபத்தாறு வருஷம் கழித்து, 1993இல் "ஜுராசிக் பார்க்" படத்தோடு டி.டி.எஸ். வந்தது. தமிழில் 1996இல் "கருப்பு ரோஜா". நம் அப்பா, சித்தப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள், போஸ்டரில் நடிகர் பெயருக்குச் சமமாக டி.டி.எஸ். என்று போட்ட காலத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த டி.டி.எஸ்.ஸில் சத்தம் எங்கே இருந்தது? மறுபடியும் தனி வட்டில்தான்! சி.டி. ராம் தட்டில். அப்படியென்றால் வைட்டாஃபோன் மாதிரியே தடுமாறியிருக்க வேண்டுமே? தடுமாறவில்லை. காரணம், ஃபிலிமில் படத்துக்கும் பழைய ஒலித்தடத்துக்கும் நடுவில் மெல்லிய கோடாக டைம்கோடு அச்சடித்திருந்தார்கள். புரொஜெக்டரில் மாட்டிய ரீடர் அந்த எண்ணைப் படிக்கும், தட்டு அந்த எண்ணுக்குரிய சத்தத்தைக் கொடுக்கும். ஃபிலிம் அறுந்து நாலு ஃபிரேம் போனாலும் கவலையில்லை. எண் தாண்டிப் போனால் தட்டும் தாண்டிப் போகும். கோடே படிக்க முடியாமல் போனால் பழைய ஒலித்தடத்துக்கு மாறிக்கொள்ளும்.

இரண்டும் ஒரே ஏற்பாடு. படம் ஓரிடம், சத்தம் ஓரிடம். வித்தியாசம் எண் மட்டும். எண் இல்லாதபோது கஷ்டம் காணாமல் போகவில்லை, கடைசியில் நிற்கிற தொழிலாளியிடம் போய்ச் சேர்ந்தது. எண் வந்ததும் அவர் நிமிர்ந்தார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான். மீதி எல்லாம் வாதம்.

வாதத்துக்கு வருவோம். அண்ணன்மார்கள் வழக்கமாகச் சொல்கிற நாலு பதில்கள்.

ஒன்று: "கிளாப் தட்டினா போதும்டா." கிளாப் நல்ல பொருள்தான். ஆனால் அது ஒரு புள்ளியை மட்டும் காட்டும், அதுவும் எல்லா கேமராவும் அதைப் பார்த்தால். கல்யாண மண்டபத்தில் நாலு கேமராவும் நாளெல்லாம் ஆன் ஆகி ஆஃப் ஆகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை மூக்குக்கு முன்னால் போய்க் கிளாப் தட்டுவீர்களா? அதோடு கடிகாரம் நழுவும். பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகுகிற சாதாரணக் கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 36 மில்லிசெகண்ட் நழுவும், கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம். மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடிய ரெக்கார்டரில் 108 மில்லிசெகண்ட். காலையில் தட்டிய கிளாப்புக்கு இது தெரியுமா?

இரண்டு: "சாஃப்ட்வேரே சத்தத்தை வச்சுப் பொருத்திடும்." ஆமாம், அலைவடிவத்தைப் பார்த்துப் பொருத்துகிற வசதி இன்றைக்கு எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் இருக்கிறது, பல நேரம் நன்றாகவே வேலை செய்கிறது. எங்கே உதைக்கும்? கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஒரே பாட்டுக்கு ஐந்து தடவை ஒத்திகை ஆடினால் ஐந்திலும் சத்தம் அச்சு அசல் ஒன்று. எந்த டேக் எதோடு சேரும் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? இன்னொன்று தூரம். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். திருத்தணி மலைப்படியில் படித்திருவிழா எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பாடுகிறவர் பக்கத்தில் ரெக்கார்டர், 34 மீட்டர் தள்ளிக் கீழ்ப்படியில் கேமரா. கேமராவுக்குச் சத்தம் 100 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். சாஃப்ட்வேர் சத்தத்தோடு சத்தத்தைப் பொருத்தினால் அந்தக் கேமராவின் படம் இரண்டரை ஃபிரேம் முன்னால் போய்விடும். பக்கத்துக் கேமராவிலிருந்து அதற்கு வெட்டினால் ஜால்ரா தட்டுகிற கை குதிக்கும். டைம்கோடுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. அது சத்தத்தைக் கேட்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது.

மூன்று: "ரெண்டு ஃபிரேம் தள்ளினா யாருக்குத் தெரியப் போகுது?" தெரியும் அண்ணே. சத்தம் படத்தை விட 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ, 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ பார்க்கிறவர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. முந்துவதற்கு ஏன் இவ்வளவு குறைந்த சலுகை? இடி எப்போதும் மின்னலுக்குப் பின்னால்தான் வரும். முந்தி வருகிற சத்தத்தை நம் மூளை பிறந்ததிலிருந்து கண்டதில்லை. ஒரு ஃபிரேமே 40 என்றால், இரண்டு ஃபிரேம் முந்தினால் 80. கல்யாணப் பெண்ணின் அத்தை கண்டுபிடித்துவிடுவார்.

நான்கு: "காசு இல்லடா தம்பி." இதுதான் நிஜமான பதில், இதற்குத்தான் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நாலு கேமரா, ஒவ்வொன்றிலும் 60 கிளிப், மொத்தம் 240. ஒன்றைப் பொருத்த இரண்டு நிமிடம் என்றால் 480 நிமிடம். முழுசாக எட்டு மணி நேரம், ஒரு நாள் வேலை. ஒரு சீசனுக்கு இருபது கல்யாணம் என்றால் இருபது நாள். இந்த இருபது நாள் முதலாளியின் புத்தகத்தில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஏனென்றால் தம்பிக்கு ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு என்று பேசியாயிற்று. அவன் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் பதினாறு மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே தொகை. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும், செலவை எழுதாமல் விட்டால் அது செலவு இல்லை என்று ஆகிவிடாது. இன்னொருவர் அதைத் தன் உடம்பிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் வகுப்பிலேயே வெள்ளி இரவு இப்படி உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமை காலை இன்டர்னல் எழுத வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டைம்கோடு மந்திரம் இல்லை. அது முகவரி மட்டும்தான். வேகத்தைப் பிடித்து வைக்காது. நீளமாக ஓடுகிற கிளிப்பின் நடுவில் நழுவுவதைத் தடுக்க வேண்டுமென்றால் இரண்டு கருவியும் ஒரே துடிப்பில் ஓட வேண்டும், அதற்கு வேர்ட் கிளாக் என்று தனியாக இருக்கிறது. மண்டபத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தீப்பெட்டி அளவில் டைம்கோடு பெட்டிகள் வருகின்றன. 24 மணி நேரத்தில் ஒரு ஃபிரேம் கூட நழுவாது என்று சொல்லி விற்கிறார்கள். அதைக் கேமராவில் மாட்டி வைத்தால் ஒவ்வொரு கிளிப்பும் தன் எண்ணோடு பிறக்கும். கேமராவில் டைம்கோடு ஓட்டை இல்லையா? மைக் ஓட்டையில் ஒரு சேனலில் அந்தக் "கிர்ர்ர்" சத்தத்தைக் கொடுங்கள். டாவின்சி ரிசால்வ் மாதிரி மென்பொருள் ஆடியோ டிராக்கிலிருந்தே எண்ணைப் படித்துக்கொள்ளும்.

இப்போது காசை விடப் பெரிய விஷயம். கல்யாணத்தில் போவது தூக்கம். குறும்படத்திலும் ஆவணப்படத்திலும் போவது குரல்.

தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" 1931இல் பம்பாயில் எடுத்தபோது நடிகர் பேசப் பேசத்தான் பதிவானது; அதில் தமிழோடு தெலுங்கும் பேசினார்கள் (எங்கள் ஊர் ஆட்களுக்கு ரொம்ப வசதியான படம்!). 1944இல் ஏ.வி.எம். "ஹரிச்சந்திரா"வைக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு டப் செய்தது. டப்பிங்கை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளிப்பட்டில் இருந்துகொண்டு, பக்கத்தில் நகரியை வைத்துக்கொண்டு, டப்பிங் படம் பார்க்காமல் வளர்ந்தவன் யார்? ஆனால் டப்பிங் ஒரு தேர்வாக இருப்பது வேறு, சத்தத்தைப் பொருத்த முடியவில்லை என்பதற்காக டப்பிங்குக்குப் போவது வேறு.

திருத்தணியும் எங்கள் பகுதியும் 1960இல்தான் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. இங்கே வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், சண்டையில் இரண்டும். பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஒரு பெரியவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்தால், ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் நெய்துகொண்டு வரும். சத்தம் பொருந்தவில்லை என்று அவரை நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குக் கூட்டிப் போய், குளிர்ந்த அறையில் ஹெட்போன் மாட்டி, "அதையே மறுபடி சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் வருமா? வராது. கடைசியில் எவனாவது சுத்தமான சென்னைத் தமிழில் பேசி ஒட்டுவான். ஒரு ஊரின் பேச்சு இப்படித்தான் பதிவிலிருந்து அழிகிறது.

"கூட்டத்தில் லைவ் சவுண்ட் எடுக்க முடியாது" என்று சொல்கிறவர்களுக்கு இரண்டே உதாரணம். ஆயிரக்கணக்கான ஜனங்களை வைத்துக் கட்ச்சில் எடுத்த "லகான்" (2001) படப்பிடிப்பிலேயே ஒலி பதிவு செய்த படம். அதற்கு நகுல் காம்தேயும் நம் சென்னையின் எச். ஸ்ரீதரும் தேசிய விருது வாங்கினார்கள். தேனி, மதுரைப் பேச்சும் மாட்டுக் கூட்டமுமாக இருந்த "விருமாண்டி" (2004) லைவ் சவுண்டில் வந்தது. முடியாததில்லை. எடுத்த சத்தத்தை எடுத்த படத்தோடு திரும்பச் சேர்க்கிற ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கேமரா தூக்குகிற தோழர்களுக்கு: எல்லாக் கருவியையும் 25 ஃபிரேமில் வையுங்கள், ரெக்கார்டரை 48,000 சாம்பிளில் வையுங்கள். காலையில் ஒரு முறை எல்லாப் பெட்டியின் எண்ணையும் ஒன்றாக்குங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை. கிளாப்பையும் விடாதீர்கள், பெட்டியில் பேட்டரி தீர்ந்தால் அதுதான் காப்பாற்றும். வாங்கக் காசில்லையா, நாலு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

எடிட்டிங்குக்குப் போகிற தம்பிகளுக்கு: அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் "அண்ணே, ஃபுட்டேஜில் டைம்கோடு இருக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இருந்தால் ஒரு ரேட். இல்லாவிட்டால் பொருத்துகிற வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று தனி ரேட், தனி வரி. பில்லில் அந்த வரி ஏறுகிற அன்றைக்கே பெட்டி வாங்கக் காசு கிடைத்துவிடும் பாருங்கள்.

மாற்றுக் கருத்து உள்ள அண்ணன்மார்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் திட்டுவதற்கு முன்னால், போன சீசனில் உங்கள் கடைத் தம்பி எத்தனை ராத்திரி உட்கார்ந்தான் என்று ஒரு நம்பர் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.